பகவதியக்கா நிறுத்தி வைத்த படம்

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன என் பகவதியக்காவுக்கு,

கோமதி எழுதுகிறேன். நம்ப மாட்டாய். எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் பேனாவை எடுத்தேன். நம் ஆட்களின் மன்றத்தில் வருஷ மலர் போடுகிறார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்குப் படத்தோடு நாலு வரி தரச் சொன்னார்கள். உன் மகன் பெங்களூரிலிருந்து ஒரு படம் அனுப்பினான், பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அதில் நீ யார் வீட்டு மனுஷியோ மாதிரி இருக்கிறாய். நாலு வரியும் அவனே எழுதியிருந்தான். "அதிர்ந்து பேசாத அன்பின் திருவுருவம்." நீயா? முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. அதனால் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பள்ளிக்கூடம் போனது உனக்குத் தெரிந்த அளவுதான். எழுத்தில் பிழை இருந்தால் பேத்தி மீனு திருத்துவாள். விஷயத்தில் பிழை இருக்காது. என் ஞாபகத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் கூடப் பிறந்தவர்கள் இல்லை என்பதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிற இந்த ஒரே வீட்டுக்கு, அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானுமாக வந்தோம். நான் வந்து இறங்கியபோது ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றவள் நீதான். அரக்குக் கலர் சேலை. பக்கத்தில் நின்ற உன் சித்தியிடம், "கருப்புதான், ஆனா களை உண்டு" என்று சொன்னாய். மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டாய். எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

அத்தானும் போய், என் வீட்டுக்காரரும் போய், உன் மகனும் வேலைக்கு என்று பெங்களூர் போன பிறகு, பின்கட்டில் நீ, முன்கட்டில் நான், என் மகன் சங்கர், மருமகள் ரேணு, மீனு. அதற்குப் பிறகுதான் நான் உன்னை "நீ" என்று கூப்பிட ஆரம்பித்தேன்.  மத்தியானம் சாப்பிட்டு, சங்கர் ஆபீசிலும் மீனு பள்ளிக்கூடத்திலும் இருக்கிற நேரத்தில், முன்கட்டு ஹாலுக்கு வருவாய். பிரம்பு நாற்காலி உனக்கு, தரையில் பாய் எனக்கு. தம்பானூர் பிளாட்பாரத்தில் வாங்கிய பழைய படங்களின் டிஸ்க்கை நாம் டிவிடியில் போடுவோம்.

ரிமோட் உன் மடியில் இருக்கும். என் வீடு, என் மகன் வாங்கிய மெஷின், ஆனால் ரிமோட் உன் மடியில். ஒரு நாளாவது "இந்தா கோமு, நீ அமுக்கு" என்று தந்தாயா?

அந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. நிறுத்துகிற பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் படம் நிற்கும், நின்ற இடமும் அதற்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் போட்டால் அங்கேயிருந்து ஓடும். இரண்டு தடவை அமுக்கிவிட்டாலோ, தட்டைத் திறந்து டிஸ்க்கை எடுத்துவிட்டாலோ, எல்லாம் மறந்துபோகும். முதலிலிருந்து எழுத்துப் போட ஆரம்பிக்கும். ஒரு நாள் நீ கை நடுங்கி இரண்டு தடவை அமுக்கினாய். மறுநாள் முதலிலிருந்து எழுத்துப் போட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ பக்கத்துல இருந்து லொடலொடன்னு பேசினா எனக்குக் கை நிக்குமா?" என்றாய். ரிமோட் உன் மடியில், விரல் உன்னுடையது, பழி எனக்கு.

இது சின்ன விஷயம். பெரிய விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. என் தம்பியின் புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு நான் நாகர்கோவில் போயிருந்தபோது, நாம் பாதியில் நிறுத்தி வைத்திருந்த படத்தின் முடிவை நீ தனியாகப் பார்த்துவிட்டாய். நான் திரும்பி வந்ததும், ஒன்றும் தெரியாதவள் மாதிரி என்னோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தாய். "ஐயோ, என்ன ஆகப்போகுதோ" என்று வேறு சொன்னாய். ஆனால் அந்தத் தகப்பன் சாகிற இடம் வருவதற்கு முன்னாலேயே உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படத்தில் அவன் அப்போது உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான்! இட்லி தின்கிறவனைப் பார்த்து யாராவது அழுவார்களா? அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மீனு பயந்துபோய் அவள் அம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் நீ விளக்கு மேல் கை வைத்து, "இனி உன்னை விட்டுட்டு ஒரு படத்தோட முடிவும் பாக்க மாட்டேன், போதுமா?" என்று சொன்னாய். "நானும் பாக்க மாட்டேன்" என்று நானும் கை வைத்தேன்.

மீனம் மாதம், பங்குனி வெயிலில், கடைசியாக நாம் பார்த்த படம் ஞாபகம் இருக்கிறதா? பெரிய வீடு, இரண்டு மருமகள்கள். மாமியாருடைய கெட்டி வளையல் காணாமல் போகிறது. எடுத்தது யார் என்று வீடே இரண்டுபடுகிறது.

"இளையவதான் எடுத்திருக்கா. முழியைப் பாரு, முழியை" என்று நீ சொன்னாய்.

"எந்தப் படத்துலயும் இளையவதான் கள்ளி உனக்கு. அந்தக் கிழவி அவளே ஒளிச்சு வச்சிட்டு நாடகம் ஆடுகா" என்று நான் சொன்னேன்.

"பாக்கலாமா?"

"பாரேன்."

அப்போதுதான் நெஞ்சைத் தடவிக்கொண்டு படத்தை நிறுத்தினாய். "எரியுது கோமு. நாளைக்குப் பாப்போம். உன் கஞ்சியில இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு" என்று சொல்லி எழுந்து போனாய். மறுநாள் விடியும்போது ஆம்புலன்ஸ். பிறகு நீ வரவே இல்லை.

உப்பு சரியாகத்தான் இருந்தது அக்கா. அதே கஞ்சியை நானும் குடித்தேன், ரேணுவும் குடித்தாள். கேட்டுப் பார்.

உன் மகன் வந்து எல்லாக் காரியமும் முறையாகச் செய்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பின்கட்டை ஒரு பாங்குக்காரத் தம்பதிக்கு வாடகைக்கு விட்டுப் போனான். நல்ல பிள்ளைகள்தான். காலையில் போனால் ராத்திரி வருகிறார்கள். நடுவாசல் கதவுக்கு அந்தப் பக்கம் மத்தியானத்தில் ஒரு சத்தமும் இல்லை. முன்பு அந்தக் கதவைத் திறக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வருமே. எண்ணெய் விடச் சொல்லிச் சொல்லி எத்தனை தடவை உன்னோடு சண்டை போட்டிருப்பேன். இப்போது தாழ் போட்டிருக்கிறது. துரு ஏறிக் கிடக்கட்டும், யாருக்கு என்ன?

அந்த டிஸ்க் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. நீ நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. "சிவப்பு லைட் எரியுற வரைக்கும்தான் அதுக்குப் புத்தி இருக்கும், அணைஞ்சா மறந்துபோகும்" என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதனால் அந்த பிளக்கை நான் உருவுவதே இல்லை. இன்வெர்ட்டர் இருப்பதால் கரண்ட் போனாலும் எரிந்துகொண்டிருக்கும். ரேணு தூசி தட்ட வந்தால், அந்தப் பலகையை நான் தட்டிக்கொள்கிறேன் என்பேன். இடி வந்தால் ஊரில் எல்லா வீட்டிலும் பிளக்கை உருவுவார்கள் இல்லையா, நான் முந்திப் போய் டிவியை மட்டும் உருவிவிட்டு, "எல்லாம் ஆச்சு" என்று சொல்லிவிடுவேன். ரிமோட் என் தலையணைக்கு அடியில். காரணம் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒரு சினிமா பாதியில் நிற்கிறது, அது அப்படியே நிற்கட்டும் என்றால் சிரிக்க மாட்டார்களா?

இப்படி ஓணம் வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகுதான் ஆபத்து வந்தது. மீனு டான்ஸ் படிக்கிறாள், தெரியுமே உனக்கு. அந்த டான்ஸ் டீச்சர் பழைய காலத்து ஆள். போனில் அனுப்பினால் ஊரெல்லாம் போய்விடும் என்று, பாட்டையும் அடவையும் டிஸ்க்கில்தான் போட்டுத் தருவாளாம். அரங்கேற்றத்துக்கு முன்னால் தினமும் வீட்டில் போட்டுப் பழக வேண்டுமாம். மீனு டிஸ்க்கோடு வந்து நேரே மெஷின் முன்னால் குந்திவிட்டாள்.

"தொடாதே. அது ரிப்பேர்" என்றேன்.

"லைட் எரியுதே ஆச்சி."

"லைட் மட்டும்தான் எரியுது."

சங்கர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். "ரிப்பேர்னா கடையில கொடுத்துப் பாக்கலாம்மா. உள்ளே என்ன டிஸ்க் மாட்டியிருக்கு?"

 கடைக்காரன் முதல் வேலையாகத் தட்டைத்தான் திறப்பான். "அதெல்லாம் கடைக்குக் கொண்டு போகாண்டாம். பிள்ளைக்குத் தனியா ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாம். அவ ரூம்ல பெரியம்மையோட பழைய டிவி சும்மாதானே இருக்கு" என்றேன்.

"இந்தக் காலத்துல ஒரு டிவிடியே அதிகம். ரெண்டு எதுக்கும்மா?"

"ஹால்ல பிள்ளை குதிச்சா நான் எங்க போய்ப் படுப்பேன்?" என்று சொல்லி வாயை அடைத்தேன். நல்லது வேண்டாம், விலை குறைந்ததாக இருந்தால் போதும், நானே போய் வாங்கி வருகிறேன் என்று மறுநாள் மத்தியானம் கிளம்பிவிட்டேன்.

சங்கருக்குப் பெரியம்மையான உன் டிவி, பழைய பெரிய வயிற்று டிவி. அதற்குச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்று வயர் குத்துகிற ஓட்டை உள்ள மெஷின்தான் சரிப்படும். முன்பக்கத்தில் பொத்தான் வேண்டும். ரிமோட் தொலைந்தால் பிள்ளை என் ரிமோட்டைத் தேடி வரக்கூடாது. பிறகு, அந்த டீச்சர் வீட்டில் வைத்துப் பதிந்த டிஸ்க் ஓட வேண்டும். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன், போட்டுக் காட்டச் சொல்லலாம் என்று. சாலையில் முன்பு டிவிடி அடுக்கி வைத்திருந்த கடைகளில் இப்போது போன் உறைதான் தொங்குகிறது. நாலைந்து கடை ஏறி இறங்கி, கடைசியில் மிக்சி விற்கிற கடையில் ஒருத்தன் பரணிலிருந்து இரண்டு பெட்டியை இறக்கினான்.

"அம்மச்சீ, இப்போ ஆரு டிவிடி வாங்குகா?"

"நான் வாங்குகேன்."

"வீட்டில ஒண்ணும் இல்லையோ?"

"ஒண்ணு உண்டு."

"ஓடும் அல்லே? பின்னே ரெண்டாமது எதுக்கு?"

"முதல்ல உள்ளதைக் காப்பாத்தத்தான்" என்று வாயில் வந்துவிட்டது. அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிஸ்க்கைப் போட்டுக் காட்டினான். கம்பெனிப் பெயர் போட்ட மினுக்கமான மெஷின் டீச்சரின் டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று துப்பியது. பேர் தெரியாத மலிவு மெஷின் கடகடவென்று ஒரு இருமல் இருமிவிட்டு, நட்டுவாங்கத் தட்டுக்கழியைத் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தது. மலிவுதான் நம் வழிக்கு வந்தது. அப்படியே இருந்தது அக்கா, நம்மைப் போல.

பிறகு விலை பேச வேண்டும். நமக்கு ஒரு வழி உண்டே. நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு இறங்கி நடப்பேன். நீ உள்ளேயே நின்று, "பாவம், அவளுக்கு ஆசை. கொஞ்சம் பாத்துப் போடுங்க, நான் திருப்பிக் கூப்பிடுகேன்" என்பாய். எத்தனை பாத்திரம், எத்தனை சேலை அப்படி வாங்கியிருக்கிறோம். பழக்கத்தில் நான் அன்றைக்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்துவிட்டேன். பழக்கடை தாண்டி, தேங்காய்க்கடை தாண்டி, ஒருத்தரும் கூப்பிடவில்லை. முக்கில் நின்று திரும்பிப் பார்த்தேன். உள்ளே நிற்பதற்கு ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தெருவில் அத்தனை கூட்டம். அதற்குள் நான் மட்டும் சும்மா நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு நானாகவே திரும்பிப் போய், அவன் சொன்ன விலையைக் கொடுத்தேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கப்போவதில்லை.

பெட்டியைச் சுமக்க முடியாமல் ஆட்டோவில் ஏறும்போதே கிழக்கே கறுத்துவிட்டது. ஐப்பசி, இங்கே சொல்கிற துலாம் மாதத்து மத்தியான மழை, உனக்குத் தெரியாததா? நம் தெரு முக்கு வருவதற்குள் இடி இறங்கியது. பெட்டியை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தேன். எனக்கு மழையெல்லாம் தெரியவில்லை. வீட்டில் ரேணு தனியாக இருக்கிறாள். நான் இல்லை. அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

உள்ளே நுழைந்தபோது ஹால் இருட்டாக இருந்தது. சுவரில் எல்லா வயரும் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. சிவப்பு லைட் இல்லை.

ரேணு துண்டோடு ஓடி வந்தாள். "அத்தே, நனைஞ்சாச்சே! நல்ல இடி கேட்டீங்களா? டிவி, ஃப்ரிட்ஜ், எல்லாத்துக்கும் பிளக்கை ஊரிட்டேன்."

"டிவிடியும்?"

"அதுந்தான். ரிப்பேர்னாலும் நீங்க அதைத் தொடச்சுத் தொடச்சு வைக்கீங்க. எரிஞ்சுபோனா உங்களுக்குச் சங்கடம் ஆகுமேன்னு முதல்ல அதைத்தான் ஊரினேன்."

 என்மேல் உள்ள அக்கறையில் செய்திருக்கிறாள். நீயாக இருந்தால் தெரு கூடும்படி கத்தியிருப்பேன், நீயும் கத்தியிருப்பாய், ராத்திரிக்குள் ஓய்ந்திருக்கும். இவளிடம் அது முடியாது. துண்டை வாங்கித் தலையைத் துவட்டினேன். நன்றாக நேரம் எடுத்துத் துவட்டினேன். முகத்தின் மேல் துணி இருப்பது வசதியாக இருந்தது.

மழை விட்டதும் அவளே எல்லாவற்றையும் திருப்பிக் குத்தினாள். சிவப்பு லைட் வந்தது. ஆனால் அதற்குள் புத்தி இருக்கிறதா, போய்விட்டதா? அது படத்தைப் போட்டால்தான் தெரியும். போட்டு முதலிலிருந்து எழுத்து வந்துவிட்டால்? நீ கடைசியாக அமுக்கியது இந்த வீட்டில் எங்கேயும் இல்லை என்று ஆகிவிடும். போடாவிட்டால், இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாவது இருக்கலாம். புது மெஷின் மீனு ரூமில் ஏறிவிட்டது. அதிலும் ஒரு சிவப்பு லைட். அதை யார் வேண்டுமானாலும் அணைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போடுகிறார்கள். மாலையானால் தட்டுக்கழிச் சத்தமும் பிள்ளையின் சலங்கையும் வீடு நிறையக் கேட்கிறது. நான் ஹாலில் உட்கார்ந்து இந்த லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல நாள் அப்படியே போனது.

போன வாரம் ஒரு மத்தியானம். கஞ்சி குடித்தேன். பாயை விரித்தேன். உன் நாற்காலியைத் துடைத்து, அது இருக்கிற இடத்திலேயே போட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து ரிமோட்டை எடுத்து வந்தேன். கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தேன். நீ கை நடுங்கி இரண்டு தடவை அமுக்கிய நாள் ஞாபகம் வந்தது. அமுக்கினேன்.

திரை கொஞ்ச நேரம் நீலமாக நின்றது. பிறகு படம் வந்தது.

எழுத்து வரவில்லை அக்கா. அந்தப் பெரிய வீட்டு முற்றம் வந்தது. மாமியார் கையை நீட்டிக் கத்துகிறாள். பச்சைச் சேலையில் இளையவள் தூணோடு ஒட்டி நிற்கிறாள். லைட் அணைந்தும் அது ஒன்றையும் மறக்கவில்லை. நீ சொன்னது தப்பு! புத்தி லைட்டில் இல்லை. எத்தனை வருஷத்துக்குப் பிறகு நீ சொன்ன ஒன்று தப்பென்று என் கண்ணாலேயே பார்த்தேன். திரும்பி உன்னிடம் சொல்ல வாயைத் திறந்தேன். வெறும் நாற்காலி.

திரையில் இளையவள் மெல்லக் கண்ணை உயர்த்திப் பார்த்தாள். எனக்குத் தெரியாமலேயே என் வாயிலிருந்து வந்தது: "முழியைப் பாரு, முழியை." உன் ராகத்தில், உன் இழுப்போடு. என் கட்சிக்கு எதிராக நானே.

ரேணு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆரோட பேசுகீங்க அத்தே?"

"டிவியோட."

"சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் போதும், வளையல் யாரிடம் என்று தெரிந்துவிடும். அந்த முடிவு எனக்கு எதற்கு? நான் சொன்னது சரி என்றால், யாருடைய முகம் தொங்குவதைப் பார்ப்பேன்? நீ சொன்னது சரி என்றால், "சொன்னேன் பாத்தியா" என்று யார் என்னைக் குத்திக் காட்டுவார்கள்? நிறுத்துகிற பொத்தானை அமுக்கினேன். ஒரே ஒரு தடவை. அமுக்கியதும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது வளையல் காணாமல் போகிற அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், என்னைச் சாலையில் கண்டால் வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அக்கா, விளக்கு மேல் கை வைத்ததை நான் காப்பாற்றுவேன். என் கண் இருக்கிற வரைக்கும் அந்தத் தட்டை ஒருத்தரும் திறக்க மாட்டார்கள். நீயும் அங்கே யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு, நான் வரும்போது ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்காராதே. வந்ததும் உன் கண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். அழுகை முன்னாலேயே வந்திருந்தால் கண்டுபிடித்துவிடுவேன்.

கஞ்சியில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

உன் ஓரகத்தி, வளையலை எடுக்காத இளையவள்,
கோமதி